பெயரளவில் அப்பன்

உடையார்பாளையம்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் மணிமொழிக்கு உன் அப்பன் கொளஞ்சியப்பன் எழுதிக்கொள்வது. இதனால் உள்ளூர், வெளியூர், குவைத்தூர் சொந்தபந்தங்கள் அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், நம் குடும்பத்தின் செல்லப்பிள்ளையும், தேங்காய்ச் சட்னியின் உற்ற தோழனும், ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குச் சோறூட்டி வந்த ஆயாவுமாகிய மிக்சியின் சின்ன ஜார், செவ்வாய்க்கிழமை காலை வேகவைத்த கேரட்டை அரைத்துக்கொண்டிருக்கும்போதே அடியில் ஒழுகி இயற்கை எய்தியது. பெரிய ஜார் ஆறாத் துயரத்தில் அலமாரியை விட்டு இறங்க மறுக்கிறது. கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கச் சொல்லி பிளெக்ஸ் கடைப் பரணிதரனிடம் போட்டோ கொடுத்திருக்கிறேன். மற்றபடி இங்கே யாவரும் நலம். நீயும் அங்கே நலமாக இருந்துதான் ஆகவேண்டும், நலமில்லை என்று சொன்னால் நீ வேலை பார்க்கிற வீட்டம்மா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது.

இவன் என்ன, பெற்ற தாயையே மகள் என்கிறான், இளைத்ததில் கொழுப்பு தலைக்கு ஏறிவிட்டதா என்று பார்க்காதே. நீயே யோசித்துப்பார். உன் அப்பா பெயரை எனக்கு வைத்தாய். பெற்றவர் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று, நான் பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘அப்பா, இங்க வா’, ‘என்னப் பெத்த அப்பா, சாப்புட்டியா’, அடிக்கும்போதுகூட ‘சொன்னா கேக்கமாட்டியா அப்பா’தான். பத்தொன்பது வயதில் நாற்பதைத் தாண்டிய மகளை வைத்திருக்கிற ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நான்தான். பெயரளவில் நான் உனக்கு அப்பன். எடையளவில் போன வருஷம் வரை இரண்டு அப்பனுக்குச் சமம். இந்த முறைப்படி உன் வீட்டுக்காரர் எனக்கு மாப்பிள்ளை ஆகிறார், ஆனால் அதை அவர் முன்னால் சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

தா.பழூர் வேணி அக்கா லீவு முடிந்து சனிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறது. அதன் பெட்டியில் அத்தை சுட்ட முறுக்கும், எலுமிச்சங்காய் ஊறுகாயும், இந்தக் கடிதமும் வரும். போனில் சொல்ல வேண்டியதை ஏன் எழுதுகிறேன் என்றால், வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் உன் கையில் போன் கொடுக்கிறார்கள், அதில் பாதி நேரம் என் முகத்தைப் பார்த்து நீ அழுகிறாய், மீதி நேரம் நெட் சுற்றுகிறது. போன வாரம் அந்த வீட்டில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடவா வேணாமா என்று கேட்டாய். அப்பா ‘ஒன் இஷ்டம் மணி’ என்று சொல்லிப் போனை என் கையில் திணித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். ‘நீ சொல்லு அப்பா’ என்று நீ கேட்டபோது நெட் போய்விட்டது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். தாராளமாகப் போடு. நான் பிரமாதமாக இருக்கிறேன், எனக்காக நீ ஓடிவர வேண்டியதில்லை. எப்படி இருக்கிறேன் என்று விவரமாகச் சொல்கிறேன் கேள்.

ஆபரேஷன் அன்றைக்கு நீ பக்கத்தில் இல்லையே என்று இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறாய். நீ இல்லாததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, குறைய வேண்டியதுதான் குறைந்தது. மயக்க ஊசி போட்ட டாக்டர் ஒன்று இரண்டு எண்ணு என்றார், நான் இட்லிக் கணக்கில் எண்ணினேன், நாலாவது இட்லியோடு உலகம் அணைந்துவிட்டது. கண்ணைத் திறந்தபோது நர்ஸ் ஒருவர் குனிந்து ‘தம்பி, அம்மா வல்லையா’ என்றார். ‘எனக்கு மகள்தான் சிஸ்டர், குவைத்தில் இருக்கா’ என்றேன். இவனுக்கு இன்னும் தெளியலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வயிற்றில் பெரிய கீறல்கூட இல்லை, நாலைந்து துளைதான். உள்ளே இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு மீதியை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்துவிட்டார்களாம். இரைப்பையில் பை போய்விட்டது, இனி இரைச்சல் மட்டும்தான். முதலில் பாட்டில் மூடியில் தண்ணீர், அப்புறம் வடித்த கஞ்சி, அப்புறம் மேற்படி காலஞ்சென்ற ஜாரில் அரைத்தது, இப்போது குழைந்த இட்லியில் கால்வாசி. அதையும் மெல்ல வேண்டும், மென்றதைத் திரும்ப மெல்ல வேண்டும், அவசரப்பட்டால் நெஞ்சில் கல் வைத்தாற்போல் நின்று வந்த வழியே திரும்பிவிடும். தனம் அத்தைக்கு இந்தக் கணக்கு ஏறவே மாட்டேன் என்கிறது. என் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு ‘ஏன்டா, இந்தச் சோத்த காக்காய்க்கு வச்சாக்கூட கோவிச்சிக்கிட்டுப் பறந்துடும்டா’ என்கிறது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் அய்யனாருக்கு என் எடைக்கு எடை வெல்லம் கொடுப்பதாக வேண்டிக்கொண்டது அல்லவா, அதை மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது. ‘இன்னும் கொஞ்சம் போவட்டும்டா, எளைக்கிறப்பவே எதுக்கு அவசரம்’ என்கிறது. நான் இளைக்க இளைக்க சாமிக்கு நட்டம். ஏலாக்குறிச்சி மாதாவுக்கும் ஒரு மெழுகுவத்தி வேண்டியிருக்கிறதாம், அது எடைக்கு எடை இல்லை என்பதால் மாதா தப்பித்தாள்.

இரண்டு மாதம் முன்னால் வேணி அக்கா லீவில் வரும்போது நீ கொடுத்தனுப்பின பால் பவுடர் டப்பாவை நான் திறக்கக்கூட இல்லை, இதை நீ ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆபரேஷன் செய்துகொண்டவனுக்குச் சோறு நின்று மெதுவாகத்தான் இறங்கும், பால் பவுடர், சாக்லேட், ஐஸ்கிரீம் மாதிரி கரைகிற சாமான் மட்டும் நிற்காமல் இறங்கிவிடும், அதுதான் உனக்கு எமன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் எமனைக் கொண்டுபோய் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டேன். அத்தையும் வெள்ளிக்கிழமை தவறாமல் முருகனுக்கு ஒரு பொட்டு, லட்சுமிக்கு ஒரு பொட்டு, டப்பாவுக்கு ஒரு பொட்டு வைத்துவிடுகிறது. எடையும் சொன்னபடி குறைந்துகொண்டே வருகிறது. தலைமுடி சீப்போடு வந்துவிடுகிறது, மொட்டை போட வேண்டிய வேலை மிச்சம். தோல்தான் கல்யாணம் முடிந்து கால்களைப் பிடுங்கின பந்தல் மாதிரி தொங்குகிறது, அதைச் சட்டைக்குள் மடித்து வைத்துக்கொள்கிறேன்.

காலேஜுக்கு இந்த வருஷம் போகவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம். ஒருநாள் சும்மா ஜெயங்கொண்டம் வரை பஸ்ஸில் போய்வந்தேன். முன்பெல்லாம் கண்டக்டர் என்னைப் பார்த்ததும் ‘ரெண்டு டிக்கெட் எடு’ என்பார், ‘எடுத்தா ரெண்டு ஜன்னல் தருவீங்களா’ என்பேன், பஸ்ஸே சிரிக்கும். கொழுஞ்சியப்பன் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன், அடுத்தவன் வைப்பதற்கு முன்னால் வைத்துக்கொண்டால் வலிக்காது. இப்போது அதே கண்டக்டர் ஒன்றும் சொல்லாமல் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பின்சீட்டில் ஒரு பாட்டி மட்டும் ‘மணிமொழி மவன்தான இது, என்ன நோவோ தெரியல, உருக்கிப்புடிச்சி’ என்று பக்கத்து ஆளிடம் சொன்னது. திரும்பி ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. இத்தனை நாள் நான் சொன்ன ஜோக்குக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன், அவர்கள் வயிற்றைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள் போலிருக்கிறது, அதை நான்தான் வெட்டி எறிந்துவிட்டேன். டாக்டர் போனமுறை ‘மனசு எப்படிப்பா இருக்கு’ என்று கேட்டார். ‘வயித்துலதான சார் ஆபரேஷன்’ என்றேன். அவரும் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை, அதாவது அப்பா, நன்றாக இருக்கிறார். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பரில்தான் இன்னமும். என் முன்னால் உட்கார்ந்து சாப்பிட அவருக்கு முடியவில்லை. அரியலூரிலேயே பரோட்டாவைத் தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்துவிட்டு வருகிறார், வாய் சுத்தம், சட்டையில் சால்னா வாசம். அத்தை தட்டெடுத்து வைத்தால் ‘பசிக்கல’ என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறார். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த நாள்களில் பேசினதுகூட இப்போது பேசுவதில்லை, என்ன பேசினாலும் சாப்பாட்டில்தான் போய் முட்டும் என்று பயம். நீயும் அங்கே அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்படியில் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறாய் என்று வேணி அக்கா சொல்லிவிட்டது. அத்தையை விட்டால் மூன்றே பேர் இருக்கிற குடும்பத்தில் யாரும் யாருக்கும் தெரிந்து சாப்பிடுவதில்லை.

அதனால் அப்பன் சொல்வதைக் கேள். மிச்சம்மீதியைச் சாப்பிடாதே. தட்டைப் போட்டு உட்கார்ந்து சாப்பிடு, வேளாவேளைக்குச் சாப்பிடு, நன்றாக மென்று சாப்பிடு, மெல்லுவதைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் இங்கே எவனும் இல்லை. ஏசிக்கு நேராகப் படுக்காதே. முட்டிக்கு அத்தை காய்ச்சின எண்ணெய் முறுக்கு டின்னுக்கு அடியில் இருக்கிறது, ஊறுகாய் என்று நினைத்து ஊற்றிக்கொள்ளாதே. அய்யனார் துணையிருப்பார், வெல்லம் வந்து சேராத கோபம் இருந்தாலும் உன்னிடம் காட்டமாட்டார். நீ நூறு வயசு நல்லா இருக்கணும் மகளே. மறக்காமல் கையெழுத்துப் போடு.

உன் அப்பன்,
கொளஞ்சியப்பன்.

அம்மா, கடிதத்தை மடித்துவிட்டுத் திரும்பப் பிரித்தேன். அத்தை பொட்டு வைப்பது காலி டப்பாவுக்கு. அத்தை நூறுநாள் வேலைக்குப் போனதும் எடுத்துவந்து, தண்ணீர்கூட ஊற்றாமல் கரண்டியால் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டேன். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அதை நாக்கால் சுரண்டிக்கொண்டு படுத்திருப்பேன். பெட்டியில் அடிபடாமல் இருக்க உன் பழைய நைட்டியில் சுற்றி அனுப்பியிருந்தாய். நைட்டியும் என்னிடம்தான் இருக்கிறது. எடை போன மாதத்திலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. டாக்டர் வரச்சொன்ன தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று அப்பாவிடம் பொய் சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவை வெட்டுவதற்கு என்னிடம் வயிறு இல்லை அம்மா. நான் பிரமாதமாக எல்லாம் இல்லை. காலையில் எழுந்து எதற்கு உட்கார வேண்டும் என்று தெரியாமல் படுத்தே இருக்கிறேன்.

கையெழுத்துப் போடாதே. இது உன் கைக்கு வருவதற்குள் போட்டிருப்பாய், தெரியும். போட்டுவிட்டால் விடு, இரண்டு வருஷம்தானே. வெள்ளிக்கிழமை போனில் மட்டும் என்னை அப்பா என்று கூப்பிடாமல் ஒரேயொரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடு. தாத்தா கோவித்துக்கொள்ள மாட்டார். உனக்கு வாய் வராது, அதுவும் தெரியும்.

இனிமேல் பால் பவுடர் அனுப்பாதே. அனுப்பினால் தின்றுவிடுவேன்.

உன் மகன்.