குளிசை போடுவதற்கு முதல்

என் செல்ல அண்ணாவுக்கு,

நீங்கள் செத்து இத்தனை வருசத்துக்குப் பிறகு என்னைக் கூப்பிடத் தொடங்கியிருக்கிறீர்கள். மத்தியானம், உலை கொதிக்கிற நேரம் பார்த்து, கடற்கரையில் படகு கட்டுற ஜெட்டிப் பக்கமிருந்து, "சின்னி, இஞ்சை வா" என்று. உங்களுக்கு வேறு நேரம் கிடைக்கவில்லையா? சோறு அடிப்பிடித்து இவரிடம் பேச்சு வாங்குவது நான்தான்.

உங்களையும் இப்படித்தான் கடலுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பேய் மூன்றாம் தரம் கூப்பிடாது, அதுவரைக்கும் வாய் திறக்காதே என்று அம்மா தலைப்பாடாய் அடித்துச் சொன்னா. நீங்கள் முதல் தரமே "ஓம், வாறன்" என்பீர்கள். பிறகு ஒருநாள் வாசலுக்கு ஆஸ்பத்திரி வான் வந்தது. பெரியவர்கள் கையெழுத்து வைத்தார்கள், நீதவான் கட்டளை போட்டார், கையைக் கட்டி ஏற்றினார்கள். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கொழும்புப் பக்கத்து மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் பெட்டியில்தான் வந்தீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் உங்கள் குரலுக்குப் பின்னால் போய் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறேன். வலைக்காரர் ஒருவர் பிடித்து இழுத்த பிறகுதான் சேலை நனைந்ததே தெரிந்தது. பயந்துபோனேன் அண்ணா.

இவர் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். டொக்டர் ஒரு பெண்பிள்ளை. "குளிசை தந்தால் போடுவீங்களோ?" என்று கேட்டா.

"ஓம், ஓம், போடுவா" என்றார் இவர்.

"ஐயா, நான் அம்மாட்டத்தான் கேட்டனான்."

இவரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஆளைக் கேட்காமலே கட்டி ஏற்றுகிற வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் இன்னும் அப்படியே கிடக்கிறதாம், மாற்றப்போகிறோம் என்று கதை மட்டும்தானாம். "சட்டம் பழசுதான். ஆனா நான் கேட்டுத்தான் செய்வன்" என்றா. உங்களை நினைத்து அங்கேயே அழுதுவிட்டேன்.

"போட்டால் அண்ணாவின்ர குரலும் நிண்டிடுமோ?" என்று கேட்டேன்.

"நிக்கும் அம்மா. அதுக்குத்தானே தாறன். யோசிச்சுச் சொல்லுங்கோ."

ஒன்றை மட்டும் அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை. நீங்கள் கூப்பிடும்போது எங்கள் நாயும் எழும்பி, ஜெட்டிப் பக்கம் பார்த்து வாலாட்டுகிறது. அது உங்களைக் கண்டதே இல்லை.

போடுவதென்று முடிவெடுத்துவிட்டேன். என்னை யாரும் கட்டவில்லை, நானே எடுத்த முடிவு. நாளைக் காலை முதல் குளிசை. அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது.

அதனால் இன்று மத்தியானம் கடைசியாக ஒருக்கால் கூப்பிடுங்கள். வாசல் படலையைத் தாண்டமாட்டேன், சத்தியம். குசினிக்குள் உலைக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்பேன்.

உங்கள் ஒரே தங்கச்சி,
சின்னி