தோளைப் பார்த்து ஆடுகிறவன்

பாலமுனை
12.06.2025

அன்புள்ள மச்சான் நல்லரெத்தினத்துக்கு,

பாலமுனையிலிருந்து காலிதீன். சுபைறாவும் பிள்ளைகளும் சுகம். காரைதீவில் நீயும் செல்லத்தங்கம் மச்சாளும் சுகமாயிருக்க அல்லாஹ் கிருபை செய்வான். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, கோழி கிளறினாலும் இதைவிட நேராகக் கிளறும். போனில் கதைத்தால் உனக்குக் கேட்காது. போனைத் தடவித் தடவி எழுத என் விரலுக்கு ஏலாது. வழக்கம்போல தயிர்க்கார நிப்றாஸ்தான் நமக்குத் தபாற்காரன்.

விரல் எப்படி? கல்முனையில், பெருநாள் கலைவிழாவில், அவ்வளவு சனத்துக்கு முன்னால் நம் பொல்லடிக் கோலாட்ட வட்டம் உடைந்ததை நினைத்தால் இன்னும் முகம் சுடுகிறது. றவூப் காய்ச்சலில் படுத்தான். வசந்தன் கூத்தில் கோலடித்துப் பழகிய நீ அவன் இடத்தில் நின்று கைகொடுத்தாய். அதெல்லாம் சரி. அடி மாறும்போது எல்லாரும் உள்ளே கிறுகித் திரும்ப, நீ மட்டும் ஏன்டா வெளியே கிறுகினாய்? காரைதீவு பஸ் போய்விடும் என்று நினைத்தாயா? என் பொல்லு உன் விரலில் இறங்கிவிட்டது. முன்வரிசையில் மகள் அப்ராவைக் கட்டப்போகும் மாப்பிள்ளையின் வாப்பா வேறு இருந்தார். என் மானம் கப்பலேறியது.

கோபம் இல்லை மச்சான். அடுத்த மாதம் அப்ராவின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பிலும் நீ பொல்லெடுக்க வேண்டும். இந்த முறை உன் காலைக் கயிற்றால் கட்டித்தான் ஆடவைப்பேன்.

உன் கூட்டாளி
காலிதீன்


காரைதீவு
16.06.2025

அன்பின் காலிதீன்,

கடிதம் கிடைத்தது. விரலில் மட்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். செல்லத்தங்கம் ஊட்டிவிடுகிறாள், கலியாணம் கட்டின புதிதில்கூட இந்தக் கவனிப்பு இல்லை.

பிழை என்னுடையதுதான் போலிருக்கிறது. பாட்டு எனக்குக் கேட்காது என்று உனக்குத் தெரியும். நான் எப்போதும் உன் வலது தோளைப் பார்த்துத்தான் ஆடுகிறேன். அது கிறுகினால் நானும் கிறுகுவேன். அன்றைக்கு எங்கேயோ தவறிவிட்டது. மன்னித்துக்கொள்.

ஒன்று கேட்க வேண்டும். பொல்லு விழுந்ததும் நீ மைக்கைப் பிடித்து ஏதோ சொன்னாய். சனமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என்னடா சொன்னாய்? மகன் நிரோசனிடம் கேட்டால், "ஒண்டுமில்லப்பா, விடுங்க" என்கிறான். எழுது. நாலு பேருக்குச் சொல்லிச் சிரிக்கலாம்.

நல்லரெத்தினம்


பாலமுனை
20.06.2025

அன்புள்ள மச்சான்,

உன் கேள்வியை வாசித்துவிட்டு, வயல்வட்டைக்குப் போய்த் தண்ணீர் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். கச்சான் காற்று வரம்பையெல்லாம் வெடிக்க வைத்திருக்கிறது.

பெரிதாக ஒன்றுமில்லை. "என்ட வகுறு குலுங்கின குலுக்கத்திலதான் வட்டம் உடைஞ்ச" என்று சொன்னேன். வேறென்ன சொல்வேன்? மருந்தை ஒழுங்காகப் போடு.

காலிதீன்


காரைதீவு
25.06.2025

அன்பின் காலிதீன்,

உன் வயிற்றுப் பகிடியைத் தேத்தண்ணிக் கடையில் சொன்னேன். நீ குலுங்கி ஆடுவதுபோல ஆடியும் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நிரோசன் மட்டும் பாதித் தேத்தண்ணியோடு எழும்பிப் போய்விட்டான். வீட்டுக்கு வந்தும் முகம் தரவில்லை. வேலையிடத்தில் ஏதும் கரைச்சலோ தெரியாது.

அப்ராவுக்கு என் ஆசீர்வாதம்.

நல்லரெத்தினம்


பாலமுனை
02.07.2025

மச்சான் நல்லரெத்தினம்,

சுகம் விசாரிக்கவும் வெட்கமாக இருக்கிறது.

விழா வீடியோவை யாரோ அப்ராவின் போனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். உன்னைப் பகிடி பண்ணலாம் என்று, "அந்த இடத்தை மெதுவா ஓட்டுங்க மகள்" என்றேன். ஓட்டினாள். பார்த்துவிட்டு, "வாப்பா, முதல்ல கிறுகினது நீங்கதானே?" என்றாள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஓம், நான்தான். சம்மந்திக்குப் பல்லைக் காட்ட வெளியே கிறுகியிருக்கிறேன். என் தோளைப் பார்த்த நீயும் வெளியே கிறுகியிருக்கிறாய். எனக்கு உறைத்து, நான் சட்டென்று உள்ளே திரும்பிப் பொல்லை வீச, உன் கை அங்கே இருந்திருக்கிறது. நீ பிழை விடவில்லை. நான் போன இடத்துக்கு நீ வந்தாய், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிது ஒன்று. வயிற்றுக் கதை பொய். மைக்கில் நான் சொன்னது இதுதான்: "பாட்டு செவிடன்ட காதில விழல்ல, பொல்லு கையில விழுந்திட்டு!"

எழுதிவிட்டேன். அன்றைக்கு வாய் கூசவில்லை, இன்றைக்குக் கை கூசுகிறது. நீ என்னைப் பார்த்துச் சிரித்தது வீடியோவிலும் இருக்கிறது. அந்த இடம் வரும்போது நான் போனைக் கவிழ்த்துவிடுகிறேன்.

சம்மந்திக்கு இதைச் சொல்ல இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

காலிதீன்


பாலமுனை
19.07.2025

மச்சான்,

நிப்றாஸ் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு வருகிறான். நேற்று, "காலிதீன் காக்கா, தயிர்தான் இரிக்கி, கடதாசி இல்ல" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அவனுக்கும் விளங்கிவிட்டது.

"நேர போய்க் காலப் புடிங்களன்" என்று சுபைறா ஏசுகிறாள். உன் படலை வரை வந்தேன். முற்றத்தில் நிரோசன் நின்றான். திரும்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, 27ஆம் திகதி, கலியாணம். பொல்லெடுக்கக் கேட்கவில்லை, அந்த உரிமை எனக்கில்லை. வந்து ஒரு வாய் சோறு தின்றுவிட்டுப் போ. உனக்கென்று கத்தரிக்காய்ப் பால்கறி ஆக்கச் சொல்லியிருக்கிறேன்.

காலிதீன்


காரைதீவு
30.07.2025

காலிதீன்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். வரவில்லை. செவிடன் என்றது பெரிதில்லை, அது நான்தான். சனத்தோடு சேர்ந்து நானும் சிரித்தேனே, அதைத்தான் மறக்க முடியவில்லை. பிறகு உன் பொய்யை நம்பிக் கடையில் ஆடியும் காட்டினேன். பார்த்திருந்த என் மகனுக்கு எப்படி இருந்திருக்கும்?

கலியாணத்துக்கு வரும் எண்ணமே எனக்கில்லை. செல்லத்தங்கம்தான், "அப்ரா என்ன பாவம் செஞ்சவள்?" என்று சேலை உடுத்துக்கொண்டு நின்றாள். வந்தோம்.

மாப்பிள்ளையை உள்ளே கூட்டிப் போகுமுன் நீ மைக்கைப் பிடித்தாய். நீ கதைத்தாய். யாரும் சிரிக்கவில்லை. உன் சம்மந்தி தலையைக் குனிந்தார். றவூப் கண்ணைத் துடைத்தான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

நிரோசன் தானாகக் குனிந்து என் நல்ல காதில் சொன்னான்: "அப்பா, பிழை தன்னுடையதாம், உங்கட இல்லையாம் எண்டு சொல்றார். அண்டைக்கு உங்களச் சொன்னதையும் சொல்லி, எல்லாரிட்டையும் மன்னிப்புக் கேக்கிறார்." அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. பால்கறியில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது.

விரல் இன்னும் மடங்கவில்லை. மடங்கும் என்று டாக்டர் சொல்கிறார். மடங்கினால் பொல்லெடுக்க வருகிறேன். ஆனால் ஒரு கதை: இனி வட்டத்தில் நான் முன்னுக்கு நிற்பேன், நீ எனக்குப் பின்னால். பாட்டு உனக்குக் கேட்கும்தான். கேட்டாலும் பரவாயில்லை, நீ என் தோளைப் பார்த்து ஆடு.

நல்லரெத்தினம்