பெரிய இன்ஜினுக்குப் பசி எடுக்காது

லிவா,
5.10.2025, ஞாயிறு

அன்பு நாகுவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எங்கள் முதலாளி அர்பாப் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "வீரா, உனக்கு இன்ஜின் பத்தித் தெரியுமா?" என்று கேட்டார். "நல்லாத் தெரியும் அர்பாப்" என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் எந்தப் பக்கம் ஊற்றுவது என்பதுதான். அதுவும் இந்தப் பழைய தோட்ட வண்டியில் மட்டும்.

நான் நலம். வெள்ளரிக்காயும் நலம். போனில் பேசினால் உன்னைச் சிரிக்கவைத்தே நழுவிவிடுகிறேன், இனிமேல் முக்கியமான எதையும் பேப்பரில்தான் எழுதி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டாய் அல்லவா, இதோ முதல் கடிதம். மூன்றாம் வகுப்போடு தப்பித்து ஓடியவனை நாற்பத்தெட்டு வயதில் பிடித்து வீட்டுப்பாடம் எழுத வைத்துவிட்டாய்.

சங்கதி இதுதான். தோட்டத்துக் காயை வாரம் இரண்டு தடவை சாதிக் பாட்ஷா பாய் தன் லாரியில் துபாய் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறார். இந்தக் கடிதமும் வெள்ளரிக்காய் மேல் உட்கார்ந்துதான் வருகிறது. அர்பாப் இப்போது சொந்தமாக ஒரு பெரிய அமெரிக்கப் பிக்கப் வாங்கப் போகிறார். வியாழக்கிழமை லோடை நானே ஓட்டிக்கொண்டு போகலாமாம். ஆனால் ஒரு நிபந்தனை. இங்குள்ள பெட்ரோல் பங்கில் ஒரு டேங்க் நிரப்பித் தருவார். அதிலேயே துபாய் போய்த் திரும்பி வர வேண்டும். வழியில் ஒரு சொட்டு போட்டாலும் கலாஸ், பழையபடி லாரிதான்.

போக வர அறுநூற்று எண்பது கிலோமீட்டர். டேங்க் தொண்ணூறு லிட்டர். காயை இறக்கிவிட்டு நேராகக் கராமாவுக்கு வந்தால், நீ சமைக்கிற மெஸ்ஸில் மதியச் சாப்பாடு. வாராவாரம்!

வண்டி ஒன்றுதான், இன்ஜின் இரண்டு விதம். எட்டு சிலிண்டர் வைத்த பெரியது, நாலு சிலிண்டரில் டர்போ வைத்த சின்னது. கம்பெனிப் பேப்பரில் பெரியதுக்கு 13.8, சின்னதுக்கு 11.2 என்று போட்டிருக்கிறது. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர். பார்த்தாயா, பெரியதுதான் அதிகம் ஓடுகிறது! அதெப்படி என்று எல்லாரும் கேட்டார்கள். விளக்கம் சொல்லிவிட்டேன்: பெரிய இன்ஜினுக்கு வேலை லேசு. லேசான வேலைக்குப் பசி எடுக்காது. அர்பாப் கஹ்வா குடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பெரியதையே வாங்கச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பேப்பரை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துப் பெருமைப்படு.

உன்
வீரபாண்டி


கராமா,
8.10.2025

அன்புள்ள மாமாவுக்கு நாகவள்ளி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. ஒரு பக்கம் ஈரம். மிச்சத்தைப் படித்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷமாக உங்களுக்குச் சோறு போடுகிறேன். நீங்களும் பெரிய உருவம்தான். வேலையையும் லேசாகத்தான் செய்வீர்கள். பசி எடுக்காமல் ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை. அதனால் அந்த விளக்கத்தைப் படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மெஸ்ஸில் சாப்பிட வருகிற அகிலா கார் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறது. அதனிடம் பேப்பரைக் காட்டினேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே ஒரு பார்வைதான் பார்த்தது.

"அக்கா, இது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு போட்டது இல்ல. நூறு கிலோமீட்டர் ஓட எத்தனை லிட்டர் குடிக்கும்னு போட்டிருக்கு. நம்பர் ஏற ஏற நஷ்டம்" என்றது. நம்பருக்குக் கீழே எறும்பு மாதிரி எழுத்தில் அதை எழுதியும் இருக்கிறான். பேப்பரை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன், நீங்களே பாருங்கள்.

பில் புக்கின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்தது. நீங்கள் சொன்ன தூரத்துக்குச் சின்ன இன்ஜின் எழுபத்தாறு லிட்டர் குடிக்கும். பெரியது கிட்டத்தட்ட தொண்ணூற்று நாலு. டேங்கே தொண்ணூறுதான். தோட்டத்துக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது மணலுக்கு நடுவில் நின்றுவிடும். முதல் வாரமே கலாஸ்.

இன்னொரு விஷயம். என் விசாவைப் புதுப்பிக்க வேண்டும், மாசக் கடைசிக்குள் முடிவு சொல்லு என்று மெஸ் முதலாளி பிரபாவதி அக்கா கேட்கிறார்கள். புதுப்பித்தால் இன்னும் இரண்டு வருஷம். நம் மகள் சங்கீதா நர்சிங் முடிக்கவும் இரண்டு வருஷம் ஆகும். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே நாட்டில் இருந்துகொண்டு உங்கள் முகத்தைப் பார்த்து எட்டு மாசம் ஆகிறது. அதற்கு ஊரிலேயே இருந்து போனில் பார்க்கலாம். வண்டி வாராவாரம் வந்தால் இங்கே இருக்கிறேன். இல்லையென்றால் ஊருக்குப் போகிறேன். சண்டையாக எழுதவில்லை மாமா. பேப்பரில் எழுதினால் கோபப்படாமல் எழுத வருகிறது.

நாகவள்ளி


லிவா,
12.10.2025

அன்பு நாகுவுக்கு,

உன் கடிதத்தை கிரீன் ஹவுஸுக்குள் நின்று படித்தேன். உள்ளே எப்போதும் வேர்க்கும், ஆகையால் என் வேர்வையை யாரும் கவனிக்கவில்லை.

அகிலாவுக்கு இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்று. என் சார்பில்.

அர்பாப்பிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வியாழக்கிழமை போனேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அர்பாப் போனில் எட்டு சிலிண்டர் உறுமுகிற சத்தத்தைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா வீரா, அந்தப் பசி விஷயத்தை இவங்களுக்குச் சொல்லு" என்றார். என்ன செய்வது? சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மூன்று கஹ்வா குடித்தேன், இரண்டு பேரீச்சம்பழம் தின்றேன், வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் போனேன். தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நல்ல காரியத்துக்குப் போகிறவரை நிறுத்தக் கூடாது என்று திரும்பிவிட்டேன். நேற்று ஒட்டகத்துக்கு ஊசி போட்ட நாள். அது கத்தின கத்தலில் நான் என்ன பேசினாலும் கேட்டிருக்காது.

சிரிக்காதே. ஒரு நம்பரைச் சரியாகப் படிக்கத் தெரியாதவனை நம்பி வண்டியையும் கொடுத்து துபாய்க்குத் தனியாக எப்படி அனுப்புவது என்று அவர் நினைத்துவிட்டால்? பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை, லாரிதான் என்றாகிவிடும். முன்பணம் கட்டப் போவது இருபதாம் தேதி. அதற்குள் ஒரு நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

உன்
வீரபாண்டி


கராமா,
15.10.2025

மாமாவுக்கு,

போன தடவை நாம் பார்த்தது அபுதாபி பஸ் ஸ்டாண்டில். நாலு மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டீர்கள். எழுப்ப மனசு வரவில்லை. கை மரத்துப்போய், அப்படியே வைத்திருந்தேன். திரும்பிப் போகிற பஸ்ஸில், அந்த ஒரு மணி நேரத்தையும் எழுப்பிப் பேசியிருக்கலாமே என்று அழுகை வந்தது. இதை உங்களிடம் சொன்னதே இல்லை.

உங்களுக்கு அர்பாப்பிடம் பயம் இல்லை. இத்தனை நாள் உங்களோடு சேர்ந்து சிரித்தவர்கள் உங்களைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்றுதான் பயம். நான் இருபத்திரண்டு வருஷமாக உங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன். உங்களுக்கு என்ன குறைந்துபோயிற்று?

நல்ல நேரம் எல்லாம் பார்க்க வேண்டாம். நாலு பேர் இருந்தால் நாலு பேருக்கு முன்னாலேயே சொல்லுங்கள். விமான டிக்கெட் விலை கேட்டு வைத்திருக்கிறேன். இன்னும் வாங்கவில்லை.

நாகவள்ளி


லிவா,
19.10.2025

அன்பு நாகுவுக்கு,

சொல்லிவிட்டேன். அப்பாடா! இந்த ஒரு வாரத்தில் இன்றைக்குத்தான் சோறு சோறாக இறங்கியது.

நாலு பேர் இல்லை, ஆறு பேர் இருந்தார்கள். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. உள்ளே போனதுமே, உட்காராமல் சொன்னேன்.

"அர்பாப், நான் பேப்பரைத் தப்பாப் படிச்சுட்டேன். பெரிய இன்ஜின்தான் அதிகம் குடிக்கும்."

அர்பாப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை வாங்கினார். அந்த எறும்பு எழுத்தை விரலால் தடவித் தடவிப் படித்தார். பிறகு ஆறு பேரையும் வாசல்வரை கொண்டுபோய் வழியனுப்பிவிட்டு வந்தார். என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"வீரா, இதை யார் கண்டுபிடிச்சது?"

"என் பொண்டாட்டி, அர்பாப்."

"உன் ஊர்ல இருந்துக்கிட்டா?"

"இல்ல அர்பாப். துபாய்ல. கராமால."

"துபாய்லயா! எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"எனக்கு ஏன் தெரியாது?"

"நீங்க கேக்கல, அர்பாப். நானும் சொல்லல."

அவர் பேப்பரை மடித்தார், மறுபடியும் பிரித்தார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. என்னுடைய பசி விளக்கத்தை மனுஷர் தன்னுடையதாகவே ஆக்கி, தம்பி வீட்டுக் கல்யாணத்தில் முப்பது பேருக்குச் சொல்லியிருக்கிறார்! அதில் ஒருவர் அதை நம்பிப் பெரியதை வாங்கியும்விட்டாராம். "போன வாரம் போன் பண்ணி, என் வண்டிக்கு மட்டும் ஏன் இப்படிப் பசிக்குதுன்னு கேட்டார். வீரா, அந்த விளக்கம் இனிமே உன்கிட்டயும் மாஃபி, என்கிட்டயும் மாஃபி, இல்லவே இல்ல" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவரும் சிரித்துவிட்டார்.

சின்ன இன்ஜினுக்குத்தான் நாளை முன்பணம். கேட்கிறவர்களிடம் பெரியது ஸ்டாக் இல்லை என்று சொல்லப் போகிறாராம். நிபந்தனையை மட்டும் விடவில்லை. ஒரு டேங்க், ஒரு டேங்க்தான். முதல் லோடு முப்பதாம் தேதி வியாழக்கிழமை. இதில் கொஞ்சம் வருத்தப்பட வேண்டியவர் சாதிக் பாட்ஷா பாய்தான் என்று நினைத்தேன். அவரோ, "ஒரு நாளாச்சும் என் முதுகுக்கு லீவு குடுங்கப்பா" என்கிறார்.

டிக்கெட் விலையை மறந்துவிடு. மீன் என்ன விலை என்று கேட்டு வை.

உன்
வீரபாண்டி


லிவா,
31.10.2025, வெள்ளி

அன்பு நாகுவுக்கு,

நேற்று உன்னிடம் சொல்லாமல் விட்டதைத்தான் எழுதுகிறேன். நேரில் பேச வாய் வரவில்லை. எனக்கே ஆச்சரியம்.

மார்க்கெட்டில் காயை இறக்கியபோது பெட்ரோல் முள் பாதிக்கு மேல் நின்றது. கராமாவுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். வண்டியின் நீளத்துக்கு உங்கள் தெருவில் ஓர் இடம் இல்லை. சுற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் மெஸ் வாசலில் நின்று நீ கையாட்டினாய். ஆறாவது சுற்றில் கையாட்டுவதை விட்டுத் தலையில் அடித்துக்கொண்டாய். மொத்தம் பதினொரு சுற்று. பெட்ரோல் போனது போகட்டும். எட்டு மாசம் பார்க்காத உன்னை ஒரே நாளில் பதினொரு தடவை பார்த்தேன். நீ மஞ்சள் புடவை கட்டியிருந்தாய். இடுப்பில் கரண்டி செருகியிருந்தாய். அதை எடுக்கக்கூட மறந்து நின்றாய்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிரபாவதி அக்கா விசாப் பேப்பரோடு வந்து, "வண்டி ஒரு டேங்க்ல போய்ச் சேருதான்னு பாத்துட்டு நாளைக்கிக் கையெழுத்துப் போடுடி" என்றார்கள். நீ, "அதெல்லாம் போய்ச் சேரும்க்கா" என்று போட்டுவிட்டாய். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, நாகு. குழம்பு காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காரம் சரியாகத்தான் இருந்தது.

திரும்பும்போது பாதி வழியிலேயே ஏசியை அணைத்துவிட்டேன். எண்பதுக்கு மேல் மிதிக்கவில்லை. பின்னால் வந்த எல்லாரும் திட்டிக்கொண்டே முந்திப் போனார்கள். நீ கொடுத்த மீன் குழம்புத் தூக்கு சாயாமல் இருக்க, முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டிருந்தேன். லிவா வளைவில், பெட்ரோல் தீரப்போகிறது என்கிற மஞ்சள் விளக்கு எரிந்தது. அந்த விளக்கோடு நான் பேசிக்கொண்டே வந்தேன். தோட்டத்து கேட் தெரிந்ததும் விட்டேன் பார் ஒரு மூச்சு, கண்ணாடியே மங்கியது. சாயங்காலம் ஐந்து மணி.

குழம்பு கெடக் கூடாது என்று ஏசியைப் போட்டுவிட்டு, இன்ஜினை ஓடவிட்டபடியே கேட்டைத் திறக்க இறங்கினேன். பழைய வண்டியின் பழக்கத்தில் பூட்டை அமுக்கிக் கதவைச் சாத்தினேன். சாவி உள்ளேயே மாட்டிக்கொண்டது. அர்பாப் வந்தார். கதவைத் திறக்கப் பார்த்தார், திறக்கவில்லை. கண்ணாடி வழியாக முள்ளைப் பார்த்தார். "நாலு லிட்டர் இருக்கு. அச்சா. எல்லா வியாழனும் போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இன்னொரு சாவி அபுதாபியில் அவருடைய அண்ணன் வீட்டில் இருக்கிறது. நாளை வரும். நாலு லிட்டர் தீர்ந்ததும் இன்ஜின் கேட்டுக்கு முன்னாலேயே தானாக அணைந்தது. மீன் குழம்பு பெல்ட் போட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

உன்
வீரபாண்டி