பேர் சொல்லாதது வாங்கப் போனேன்

என் மகளுக்கு, என் சாமிக்கு,

அங்கேயாவது உனக்கு வயிறு நிறைகிறதா?

சிரிக்காமல் கேள். போன வாரம் விளக்கு வைத்த பிறகு வளப்பூர்க் கடைக்குப் போனேன். பொழுது சாய்ந்தால் வசம்பைப் பேர் சொல்லிக் கேட்கக் கூடாதே, அதனால் "பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்க" என்றேன். பிறந்த குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கிற பொருள்தானே அது? கடைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக, "பையனுங்களா, பொண்ணுங்களா?" என்றார்.

"கிளிங்க" என்றேன்.

கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். மீசை நரைத்தவன் வேறென்ன செய்வான்?

உன் கிளிக்குத்தான் வாங்கினேன். நீ எங்களை விட்டுப் போன நாளிலிருந்து அது பேசவில்லை. நெஞ்சு இறகையெல்லாம் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு, கறிக்குப் பறித்த கோழி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கிட்டப் போனால் கடி. என் கட்டைவிரலைப் பார்த்தால், அப்பன் புலியோடு சண்டை போட்டான் என்று நினைப்பாய். வசம்பை உரைத்து நாக்கில் தடவினால் பழையபடி பேசும் என்று பக்கத்துக் காட்டுக்காரர் சொன்னார். உன் அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். நீ சொல்லிக்கொடுத்த "வாங்க, உக்காருங்க" வரும், கூடவே உன் குரலும் கொஞ்சம் வரும் என்று காத்திருந்தாள்.

நேற்றுக் காலை பேசிவிட்டது.

"அம்மா, பசிக்குதும்மா. துளி கஞ்சி குடும்மா."

நீ காய்ச்சலில் கிடந்தபோது கூண்டு உன் தலைமாட்டில்தானே தொங்கியது. சீரகத் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். அது கற்றுக்கொண்டது.

உன் அம்மா சாமைக் கஞ்சியோடு ஓடினாள். அது கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் கேட்டது. அவள் மறுபடியும் ஓடினாள். நேற்றிலிருந்து அடுப்பை அணைக்கவே இல்லை. கூப்பிட்டவுடன் ஓடினால் அது கத்துவதை விடாது, கூண்டைத் துணியால் மூடிவிட்டு உன் வேலையைப் பார் என்று பெரிய கிளி வைத்தியன் மாதிரி அவளுக்கு யோசனை சொன்னேன். துணியைப் போட்டதும் நான்தான். உள்ளேயிருந்து குரல் வந்ததும் அதைப் பிடுங்கி எறிந்ததும் நான்தான். கிளியைத் திருத்தலாம் கண்ணு, வளர்க்கிறவர்களை யார் திருத்துவது?

மலைக்கு ரோடு வெட்டுகிறார்கள். பஸ் வருமாம். பஸ் வந்துவிட்டால் ஆஸ்பத்திரி பக்கம்தான் என்று எல்லோரும் என்னிடமே வந்து சொல்கிறார்கள்.

இன்று கஞ்சி சிந்திய தரையைத் துடைத்துக்கொண்டே உன் அம்மா கேட்டாள்: "ஏனுங்க, அவ கேட்டப்ப ஒரு வாய் குடுத்திருக்கலாமுங்களா?"

"கிளிக்குத் தண்ணி வெச்சியா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இனி அது கேட்டால் அவள் எழுந்திருக்க வேண்டாம். கிண்ணத்தை நானே எடுத்துப் போகிறேன். எத்தனை முறை கவிழ்த்தாலும் போகிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அவளிடம் வாய்விட்டுச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். குடுத்திருக்கலாம், சாமி.

கிளியிடம் கடி வாங்கும் உன் அப்பன்