தேதிக் கட்டத்துக்குள் நுழைவுப் பக்கம் குடியேறியது குறித்து

அனுப்புநர்:
திரைச்சீலைக் கடைக்காரரும் அவர் மனைவியும்,
கடைத்தெரு முனை, மாடி.

பெறுநர்:
இணையச் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்,
அரசு கண் மருத்துவமனை.

பொருள்: அறுவை சிகிச்சைத் தேதி கேட்ட இடத்தில் நுழைவுப் பக்கம் வந்தது – தேதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவிக்கு இரு கண்களிலும் புரை. எங்கள் கடையில் தையல் அவர் பொறுப்பு. அளவெடுப்பதும் அரட்டையும் என் துறை. சென்ற வாரம் ஒரு வீட்டுத் திரைச்சீலையோடு என் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்துவிட்டார். வாடிக்கையாளர் தங்கமானவர், கையை மட்டும் பிரித்துத் திருப்பி அனுப்பினார். இனித் தள்ளிப்போட்டால் பார்வைக்கே ஆபத்து என்கிறார் மருத்துவர்.

2. தேதி இணையத்தில்தான் தரப்படும் என்று மருத்துவமனையில் சொன்னதால் தங்கள் தளத்தில் நுழைந்து விவரங்களை நிரப்பினேன். மனைவியின் வயது குறித்து எங்களுக்குள் சிறு கருத்து வேறுபாடு எழுந்தது. அது தீர்வதற்குள் தளம் என்னைச் சத்தமில்லாமல் வெளியேற்றிவிட்டது. அதில் குறையில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் விருந்தாளிக்கு நானும் விளக்கை அணைப்பவன்தான்.

3. அதன் பிறகு நடந்ததே குறை. "காலியான தேதிகள்" என்ற பொத்தானை அழுத்தினேன். தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள் தேதிகளுக்குப் பதிலாக, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் தங்கள் நுழைவுப் பக்கம், தங்கள் புன்னகைப் படம் உட்பட, முழுசாக வந்து உட்கார்ந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இங்கே ஒற்றைப் பருக்கைக்குள் மறைத்திருந்தார்கள். கண்ணை இடுக்கிக்கொண்டு அதற்குள்ளேயே கடவுச்சொல்லை அடித்தேன். விவரம் தெரிந்தவர்கள் இதைச் செய்ய மாட்டார்களாம். கட்டத்துக்குள் பொடி எழுத்தில் ஏதோ ஒரு வரி வந்தது. பிறகு "உறுதிசெய்" என்பதையும் அழுத்தினேன். கட்டத்தில் இருந்ததையே தேதியாக எடுத்துக்கொண்டு சீட்டு வந்தது. அறுவை சிகிச்சை நாள்: "வெற்றிகரமாக உள்ளே வந்துவிட்டீர்கள்".

4. சீட்டுடன் நேரில் வந்தோம். முகப்பில் இருந்த அம்மையார் படித்துவிட்டு, "அதான் உள்ள வந்துட்டீங்கன்னு போட்டிருக்கே, இன்னும் ஏன் வரிசையில நிக்கிறீங்க?" என்றார். வேறு தேதி கேட்டதற்கு, "ஒருத்தருக்கு ஒரு தேதிதான். உங்களுக்குக் குடுத்தாச்சுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது" என்று விடை தந்தார்.

5. இத்தகைய தளங்களை எழுதிப் பிழைக்கும் என் மைத்துனர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மாமா, பக்கத்துல ஒரு துண்டை மட்டும் கேட்டா, சர்வர் நுழைவுப் பக்கத்தைத் தூக்கிக் குடுக்கக் கூடாது. 'இவர் நேரம் முடிஞ்சுபோச்சு'ன்னு ஒரு குறிப்பு குடுத்தாப் போதும். அதைப் பார்த்து முழுப் பக்கமும் நுழைவுக்குப் போகணும், அப்புறம் விட்ட இடத்துக்கே திரும்பணும். உங்க மூளைக்கு இவ்வளவு போதும்." மருத்துவமனைத் தளம் என்பதால், அந்தக் குறிப்பின் வாசகத்தை மட்டும் சற்று மாற்றிப் போடக் கோருகிறேன்.

6. தளத்தைத் தாங்கள் ஆற அமரத் திருத்தலாம். அதுவரை அந்தச் சீட்டை ரத்து செய்து, நாட்காட்டியில் உள்ள ஏதேனும் ஒரு நாளை என் மனைவிக்குக் கையாலேயே எழுதித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இடம்: கடை மாடி
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
(இருவர் கையொப்பம்)

குறிப்பு: மனைவியின் கையொப்பம் பாதியில் நிற்பதைப் பொறுத்தருள்க. கோடு எங்கே என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். மீதி என் விரல்மேல் இருக்கிறது.