இந்தச் சட்டை வெளுக்கும்

காலையிலிருந்து இந்தச் சட்டையைக் கொடியில் போடுவதும் எடுப்பதுமாக இருக்கிறேன். நம் டயகம மலைப் பக்கத்து மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் காட்டும், நம்ப வைக்கும், பிறகு ஊற்றும். கடைசியாக உள்ளே எடுத்தபோது ஈரத்துணியை மூக்கருகே கொண்டுபோனேன். ஆறிப்போன தேயிலைச் சாயத்தண்ணியும் துருப்பிடித்த கத்தியும் கலந்த வாசனை. நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது வந்துவிட்டது. சட்டையின் கருப்பு சாம்பலாகி, சாம்பலும் வெளிறி, தோள்பட்டை ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. நனைந்தால் வாசனை மட்டும் எழுந்து வருகிறது.

உட்கார முடியவில்லை. உன் தையல் அறையை இப்போது பார்த்துக்கொள்ளும் செல்வி, லேபலுக்கு இரண்டு வரி எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்கு 'சுருக்கமாக எழுதுக' என்று கேள்வி கொடுத்தவளுக்கு அந்த இரண்டு வரி வரமாட்டேன் என்கிறது.

எல்லாம் தொடங்கியது என் ஆங்கில வகுப்பில். டீ-ஷர்ட் என்பதற்குத் தமிழ் எழுதச் சொல்லியிருந்தேன். வகுப்பில் பாதிக்குமேல் 'தேயிலைச் சட்டை' என்று எழுதியிருந்தார்கள். டீ என்றால் தேயிலை, ஷர்ட் என்றால் சட்டை. தோட்டத்துப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? நீ கார்மென்ட் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்து லயன் வீட்டுக்குத் திரும்பியிருந்த புதிது. உன்னைச் சிரிக்க வைக்கலாமென்று விடைத்தாள்களோடு வந்தேன். நீ சிரிக்கவில்லை.

"முட்டை போட்டியாடி?"

"போடாம?"

"அழிச்சிட்டு மார்க்கு குடு, டீச்சரம்மா. தேயிலைச் சட்டைன்னு ஒண்ணு இருந்தா என்னவாம்?"

நம் பேச்சில் குடிப்பதும் சாயம், துணி முக்குவதும் சாயம். அந்த ஒரு சொல்லை நீ பிடித்துக்கொண்டாய். கடைகளில் எறியும் தேயிலைச் சக்கையை வாளி வாளியாய் வாங்கி வந்தாய். வெறும் சக்கையில் துணி பழுப்பானது. உன் அப்பா செடி கழித்த பழைய கவ்வாத்துக் கத்திகளைப் புளித்த வினாகிரியில் ஊறப்போட்டு, அந்தத் துருத் தண்ணீரைச் சேர்த்ததும் பழுப்பு கருத்தது. நான் வியந்து நின்றேன். நீயோ கழிவு நீரை எங்கே விடுவதென்று அலைந்துகொண்டிருந்தாய். "கார்மென்ட்டுக்குப் பின்னாடி ஓடுற சாக்கடைக் கானைப் பாத்தாலே அடுத்த மாசம் என்ன கலர் சட்டைன்னு சொல்லிருவோம். நம்ம ஆத்துல அப்பிடி ஒரு கலர் ஓடக்கூடாது" என்றாய். குழி வெட்டி, மணலும் கரியும் போட்டு, தண்ணீர் தெளிந்து வரும்வரை நீ நிம்மதியாகத் தூங்கியதாக எனக்கு நினைவில்லை.

தையல் அறைக்கு இடமும் பொருத்தமாகத்தான் கிடைத்தது. நம் அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகையில் நம்மைப் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிலில் கிடத்திவிட்டுப் போன அதே பிள்ளைக் காம்பரா. தொட்டில் கட்டிய கம்பியில் சட்டைகள் தொங்கின. பள்ளி விட்டதும் மெஷின்களும் நிற்க வேண்டும் என்பது நீ வைத்த சட்டம். கழுத்துப் பட்டியின் உள்ளே தைத்தவளின் பெயரை நூலில் எழுத வேண்டும் என்பது இன்னொன்று. "கொழுந்துல கிலோவு, கார்மென்ட்ல பீஸு. நம்ம பேரு எங்கடி இருக்கு?" என்று கேட்டாய்.

நம் சட்டைகளை வாங்கி விற்கும் கொழும்புக் கடை மிஸ் முதல்முறை வந்த நாளை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. சட்டையின் முன்புறம் கூடை சுமந்தபடி சிரிக்கும் பெண் படம் வேண்டும் என்றார். நீ மெதுவாக, "மிஸ், கொழுந்து நிறுவைக்கு வர்ற நேரத்துல எங்காளுங்க சிரிச்சு நான் பாத்ததில்லயே" என்றாய். அவர் விடவில்லை. "அப்ப எதைப் போடுறது?" நீ வெளியே கூட்டிப் போய்க் கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியைக் காட்டினாய். இலை ஒன்றில்லாமல், விரல் விரித்த கை போல நின்ற செடி. இன்றும் அதுதான் நம் சட்டையில் இருக்கிறது.

லேபலில் நீ போட்ட வரிகள் அவருக்கு ஒருபோதும் பிடிக்கவில்லை. 'தேயிலைச் சக்கையில் முக்கியது. தைத்த நூல் மட்டும் பிளாஸ்டிக். இந்தச் சட்டை வெளுக்கும். வெளுத்தால் கொண்டு வாருங்கள், மறுபடி முக்கித் தருகிறோம்.' நீ இருந்தவரை உன் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டார். இப்போது ஒரு பெரிய கொள்முதல் ஓடரோடு சொல்லி அனுப்பியிருக்கிறார்: வெளுக்கும் என்ற பேச்சே வேண்டாம், கடையில் பாக்கெட்டாக விற்கும் கருப்புச் சாயம் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள், இயற்கைச் சாயம் என்பது மட்டும் லேபலில் இருக்கட்டும்.

"டீச்சர், மீன் விக்கிறவன் 'நாறும் நாறும்'னு கூவிக்கிட்டாப் போவான்?" என்று செல்வி கேட்டாள். மெஷின்களில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "இந்த ஓடரும் போச்சுன்னா நாங்க எல்லாம் கார்மென்ட்டுக்குத்தான் பொறப்படணும். எம்புள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போறது, சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன். 'காலத்தோடு நிறம் கனியும்.' அடித்தேன். 'ஒவ்வொரு சலவையிலும் புதிய சாயல்.' அதையும் அடித்தேன். பிள்ளைகள் எழுதியிருந்தால் பக்கத்தில் சரி போட்டிருப்பேன். ஆனால் எதை எழுதினாலும் உன் குரல்தான் கேட்டது: "சுத்தி வளைக்காதடி, மலைப் பாதை மாதிரி."

பிறகு ஒன்று உறுத்தியது. 'மறுபடி முக்கித் தருகிறோம்' என்று எழுதினாயே, யாராவது கொண்டு வந்தார்களா? ஒருவரும் இல்லை. நானும் கொண்டு போகவில்லை. என் சட்டைக்குத் துணி வாங்கி, உன் கையாலேயே தைத்து, உன் கையாலேயே முக்கினாய். அந்தக் கருப்பில் மிஞ்சியிருந்த கொஞ்சமும் நீதான். அதன்மேல் இன்னொரு சாயம் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. வெளுக்க வெளுக்கக் கையில் தண்ணீரைப் பொத்திக்கொண்டு நடப்பவள் போல இருந்தேன்.

இந்த இடம்வரை உன்னிடம் சொல்லிவிட்டு, மழை விடக் காத்திராமல் சட்டையைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். செல்வி சாயப் பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், அது அவங்க முக்குனதுல்ல?"

"ஆமா. வெளுத்துப் போச்சு. லேபல்ல போட்டிருக்கில்ல, கொண்டு வரச் சொல்லி."

கம்பு தேடாமல் கையாலேயே அமிழ்த்தினேன். முதலில் பழுப்பு. துருத் தண்ணீரில் போட்டதும் ஓரத்திலிருந்து கருமை ஏறி வந்தது. பிழிந்து உதறியபோது கழுத்துப் பட்டி திரும்பிக்கொண்டது. துணி முழுவதும் கருத்திருக்க, தையலோடு உன் பெயர் மட்டும் வெள்ளையாய், பளிச்சென்று நின்றது. பிளாஸ்டிக் நூல் சாயம் குடிக்காது. வெளிறிய துணியில் இத்தனை நாள் எனக்கு அந்தப் பெயர் கண்ணிலேயே படவில்லை.

செல்வி ஓரத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். "புதுசு மாதிரியே இருக்கு டீச்சர்" என்றாள். பிறகு தயங்கியபடி கேட்டாள்: "இத கொழும்புக்கு அனுப்பிப் பாப்போமா? வெளுத்து, மறுபடி முக்குனதுன்னு சொல்லி? பழைய லேபலே இருக்கட்டும். அந்த மிஸ் வேணாம்னா வேணாங்கட்டும்."

கொடுக்க மனமில்லாமல் கொடுத்தேன். நானுஓயா ரயிலடிக்குப் போகும் வேனில் பார்சல் ஏறிவிட்டது. பதில் இன்னும் இல்லை. தொலைபேசி ஒலித்தால் எழுகிறேன், அது வேறு யாராகவோ இருக்கிறது. வேண்டாம் என்று வந்தால் செல்வியின் பிள்ளைக்கு நான் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. பொய் எழுதிக் கொடுத்திருந்தால் உனக்கு என்ன சொல்லியிருப்பேன் என்பதும் தெரியவில்லை.

சட்டை இப்போது என்னிடம் இல்லை. நகக்கண்ணில் கருப்பு இருக்கிறது, நம் அம்மாமார் விரலில் இருந்த கொழுந்துக் கறையைப் போலவே. சோப்புப் போட்டுத் தேய்க்கவில்லை. அதுவாகத்தான் போகும். வெளுத்தால் மறுபடி போய்ப் பானைக்குள் கையை விடுவேன்.