ஊசி போட்ட நாள்

ஆம்பூர்
10.02.2025

அம்மாவுக்குக் குழலி எழுதுவது.

போனில் உனக்குப் பேச்சு குழறுகிறது என்று மாமா சொன்னார். அதனால்தான் கடிதம். போன வருஷம் உன் தலையில் இருந்தது கட்டி என்று சொல்லாமல், ரத்தக்கட்டு என்று பொய் சொல்லி ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். நீ பயந்துவிடுவாய் என்றுதான் மறைத்தேன். அதற்காக வாலாஜாபேட்டையில் மாமா வீட்டில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு நாள் முகம் திருப்புவாய்?

அதே இடத்தில் மறுபடி ஏதோ தெரிகிறதாமே. வியாழக்கிழமை பெட் ஸ்கேனுக்கு வேலூருக்கு நானும் வருவேன். ஷூ கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன். ஏழு மாத வயிற்றோடு வருகிறவளைத் துரத்த மாட்டாய்தானே?

உன் மகள்
பூங்குழலி

ஆம்பூர்
13.02.2025

அம்மா,

துரத்திவிட்டாய். ஸ்கேன் அறையிலிருந்து நீ வெளியே வந்ததும் ஓடி வந்தேன். "கிட்ட வராத, போடி!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினாய். மாமாவும் மாத்திரை வாங்கப் போயிருந்தார். என் வயிற்றைக்கூட நீ பார்க்கவில்லை. இனி நானாக வர மாட்டேன்.

குழலி

வாலாஜாபேட்டை
17.02.2025

குழலிக்கு,

வயிற்றைத்தான்டி பார்த்தேன். அதனால்தான் கத்தினேன். ஸ்கேனுக்காகக் கையில் கதிர் வீசும் மருந்து ஊசி போட்டு அசையாமல் படுக்க வைத்திருந்தார்கள். "இன்னிக்குப் பூரா மாசமா இருக்கறவங்க, கொழந்தைங்க கிட்ட போவாதம்மா. நாளைக்கு ஒண்ணும் இருக்காது" என்று நர்ஸ் சொன்னாள். உன்னைக் கண்டதும் அதைச் சொல்ல வார்த்தை வரவில்லை. வாயில் வந்தது அவ்வளவுதான். நீ திரும்பி நடந்தபோது கூப்பிடப் பார்த்தேன். உன் பேர்கூட வரவில்லை. எழுதினால் மட்டும் எப்படியோ வருகிறது, அதுவும் அடித்து அடித்து.

ரிசல்ட் வந்துவிட்டது. போன வருஷம் ஆபரேஷனுக்கு அப்புறம் கொடுத்த கதிர் சிகிச்சையின் தழும்பென்றால் படத்தில் மங்கலாக இருக்குமாம். உயிருள்ள கட்டியென்றால் அந்த மருந்தை இழுத்துக்கொண்டு பளிச்சென்று தெரியுமாம். டாக்டர், மாமாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். விடுவேனா? 'நான் அஞ்சாவதுதான் படிச்சேன், ஆனா தலை என்னுது' என்று எழுதி நீட்டினேன். சிரித்துவிட்டு எனக்கே படத்தைக் காட்டினார்.

பளிச்சென்று இருந்தது.

"மாசமா இருக்கறவ கிட்ட இன்னாத்துக்கு? தழும்புன்னு எழுதிடு" என்றார் மாமா. அப்படியே எழுதி மடித்தும் வைத்தேன். போன வருஷம் நீ எப்படித் தவித்திருப்பாய் என்று அப்போதுதான் தெரிந்தது. இருந்தாலும் மறைக்க மாட்டேன். அந்தத் தாள் அடுப்புக்குப் போய்விட்டது.

அடுத்த வியாழன் ஆபரேஷன். இந்த முறை கையெழுத்து நான்தான் போடுவேன். உடம்பில் இப்போது அந்த மருந்து இல்லை.

கிட்ட வா.

அம்மா